பிறப்பால் பெற்றவர்கள் நீங்கலாக

அமுதினிக்கு வெயில் உறைப்பதில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவளுடைய பி.டி. மாஸ்டர். வேளச்சேரியில் அவள் படிக்கும் பள்ளிக்குப் பெற்றோர் கூட்டத்துக்காகப் போயிருந்தேன். மைதானத்து ஓரத்தில் என்னை நிறுத்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மேடம், பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சுன்னு சொல்லவே இல்லையே. நேத்து உச்சி வெயில்ல மத்த பிள்ளைங்க எல்லாம் ஏ.சி. ஹால்ல இருக்கு, இவ மட்டும் நைசா வெளியே வந்து ஊஞ்சல் ஆடிட்டிருக்கா. நான் அலறியடிச்சு ஓடிப் போய்த் தூக்கினா, உடம்பு ஜில்லுனு இருக்கு. எப்போ போட்டீங்க?"

நாங்கள் போடவேயில்லை. "போன லீவுல" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

"நல்லது மேடம். லைசென்ஸ் நம்பரை மட்டும் ஆபீஸ்ல குடுத்துடுங்க. வியாழக்கிழமை கம்பெனிக்காரங்க சரிபார்ப்புக்கு வர்றாங்க. எச்சில் டெஸ்ட்தான், ரெண்டு நிமிஷ வேலை."

ஸ்கூட்டருக்குப் போகும்வரை சிரித்த முகத்தோடு நடந்தேன்.

இப்போதெல்லாம் சென்னையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் மத்தியானத் தெருவில் இரண்டே வகை மனிதர்கள்தான். நிழலூசி போட்டவர்கள், ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பவர்கள். ஊசியைச் செய்வது தண்நிழல் என்ற கம்பெனி. உடம்பிலுள்ள செல்களுக்குள் ஒரு புதிய ஜீனைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அது இருந்தால் ஐம்பது டிகிரியிலும் மூளை கலங்காது, இதயம் தடுமாறாது. கட்டடம் கட்டுகிறவர், பார்சல் கொண்டு வருகிறவர், போக்குவரத்துப் போலீஸ் எல்லாருக்கும் அது இல்லாமல் வேலை கிடைக்காது.

இந்த ஊசிக்கு இன்னொரு குணமும் உண்டு. போட்டவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த ஜீன் போகும். கம்பெனி முதலில் இதை விளம்பரத்தில் போட்டுக் கொண்டாடியது. பிறகு வேறு மாதிரி யோசித்தது. ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர் அதைத் தன் வீட்டில் அச்சடித்துக்கொள்ளலாமா என்று நீதிமன்றத்தில் கேட்டது. கூடாது என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு 'நகல்' என்று பெயர். நகலுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்க முடியாத வீட்டுக் குழந்தைக்கு அணைப்பூசி போட்டு ஜீனை மூடிவிடுவார்கள். வலிக்காது, போலியோ சொட்டு மாதிரிதான் என்பார்கள். அப்புறம் அந்தக் குழந்தையும் ஏ.சி. ஹாலுக்குள் போய்விடும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். அந்த ஜீனுக்குக் கம்பெனி வாங்கிய காப்புரிமையை எழுதியவள் நான்தான்.

என் பெயர் உலகம்மாள். தென்காசிக்காரி. ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாமல் உல்கா ஆகிவிட்டது. இருபதுகள் முழுவதையும் தரமணியில் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் கழித்தேன். பிறகு அரசு நிதி நின்றது, என் பொறுமையும் நின்றது. காப்புரிமைத் தேர்வு எழுதி, கிண்டியில் பத்மநாபன் சாரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். அறிவியலை விட்டுவிட்டுப் போகிறாயே என்று என் வழிகாட்டி துக்கம் விசாரிப்பது போலப் பேசினார். எனக்கு அந்தத் துக்கம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சியில் ஒரு வாக்கியத்தைக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். 'மனிதர்களில்' என்று எழுதினால், எத்தனை மனிதர்கள், எந்த வயது, எந்த ஊர் என்று சுழித்துக் கேட்பார்கள். கடைசியில் உண்மை எவ்வளவோ அவ்வளவுக்கு வாக்கியம் சுருங்கிவிடும். காப்புரிமையில் நேர் எதிர். கையில் இருப்பது ஒரு சென்ட் மனைதான் என்றாலும் வேலியை ஊர் எல்லையில் போட வேண்டும்.

தண்நிழலின் விண்ணப்பத்தில் முதலில் நான் 'இந்த வரிசை' என்று மட்டும் எழுதியிருந்தேன். பத்மநாபன் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, எதிராளி நாலு எழுத்தை மாத்திண்டு அவனும் ஊசி விக்க ஆரம்பிச்சா நாம வேடிக்கை பார்க்கவா? இந்த வரிசையும் இதோட பெரும்பாலும் ஒத்துப்போற எந்த வரிசையும், யார் உடம்பில் இருந்தாலும்னு எழுது." எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அமுதினி அப்போது வயிற்றில் இருந்தாள். லேப்டாப்பை அவள் மேல் சாய்த்து வைத்துத்தான் தட்டினேன்.

பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் மருந்துக்கடையில் சோதனைக் கிட் மூன்று வாங்கினேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் மூவரின் எச்சிலையும் போட்டுப் பார்த்தேன். அமுதினியிடம் அந்த ஜீன் இருந்தது. என் கணவர் வைரவனிடம் இல்லை. என்னிடம் இருந்தது. ஊசி போடாதவள் என்று மத்தியான வெயிலில் இறங்காமலே இருந்ததால் எனக்குத் தெரிய வழியில்லை. ஊசி வழியாகப் போகும் ஜீனோடு கம்பெனி தன் முத்திரையையும் ஒட்டி அனுப்பும். என்னிடமும் அமுதினியிடமும் அந்த முத்திரை இல்லை.

வைரவனுக்கு வங்கி வேலை. மனுஷனுக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும், ஆனால் மூன்றாவது முறை தேவைப்படாது. மேசைமேல் கிடந்த மூன்று சோதனைப் பட்டைகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அப்போ உனக்குப் பிறவியிலேயே இருந்திருக்கு. உன்கிட்டேயிருந்து அவளுக்கு வந்திருக்கு. திருட்டு இல்லையே உலகு. சொல்லிட்டுப் போலாமே."

"யார்கிட்டே சொல்றது? பள்ளிக்கு வர்ற மெஷின் முத்திரையைப் பார்க்காது. வரிசை இருக்கா, லைசென்ஸ் இருக்கா, இது ரெண்டுதான் பார்க்கும். யார் உடம்பில் இருந்தாலும்னு நான்தானே எழுதி வச்சிருக்கேன்."

"லைசென்ஸ் வாங்கிடுவோம். லோன் போட்டா ஆச்சு."

"பெத்தவங்கள்ல யாரு ஊசி போட்டதுன்னு பேட்ச் நம்பர் கேப்பாங்க. ரெண்டு பேருமே போடலைன்னா கள்ள ஊசின்னு எழுதிடுவாங்க. அன்னிக்கே அணைப்பூசி. முதல்ல அணைப்பு, அப்புறம்தான் அப்பீல்."

"சரி, அணைக்கட்டும்." அவன் குரல் இறங்கியிருந்தது. "ஏ.சி. ஹால்ல உட்காரட்டும். நாம எல்லாம் உட்காரலியா?"

அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். "கம்பெனி தன்னோட ஜீனை ஒரு காலி மனையில கொண்டுபோய் வைக்குது. அணைப்பூசி அந்த ஜீனைத் தேடிப் போய், அது இருக்கிற தெருவுக்கே கரண்ட்டைப் பிடுங்கிடும். காலி மனையில கரண்ட் போனா யாருக்கு என்ன. நம்ம பாப்பாவுக்கு அது பிறவி இடத்துல இருக்கு, வைரவா. அந்தத் தெருவிலதான் இதயத்துக்கான ஜீனும் இருக்கு."

"என்ன ஆகும்?"

"முதல் காய்ச்சலைத் தாங்க மாட்டா."

பக்கத்து அறையில் அமுதினி பொம்மைக்கு அதட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வைரவன் எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்தினான். "எங்கேயாவது போயிடலாமா?" என்றான். சரிபார்ப்பு இல்லாத ஊர் எதுவென்று இருவரும் யோசித்தோம். ஒன்றும் அகப்படவில்லை.

எனக்கு இன்னொரு கேள்வியும் உறுத்தியது. அந்த வரிசை கணினியில் புதிதாக வடிவமைத்தது என்றுதான் விண்ணப்பத்தில் இருக்கிறது. கம்பெனியின் கணினி வடிவமைத்தது தென்காசியில் பிறந்த என் உடம்புக்குள் எப்படி வந்தது? அதற்குப் பதில் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான்.

ஜெபராஜ் நாகர்கோவில்காரன். தரமணியில் எனக்கு ஜூனியர். சொட்டு அளக்கும் பிப்பெட்டைப் பிடிக்கவே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சிறுசேரியில் தண்நிழலின் ஆராய்ச்சித் தலைவன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அறைக் கதவைத் தாழிட்டான். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தனையோ தடவை நினைச்சேன் அக்கா, என்னைக்காவது ஒரு நாள் நீங்க வருவீங்கன்னு."

"கன்ட்ரோலா?" என்றேன்.

"கன்ட்ரோல்தான்."

ஆய்வுக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். எந்தச் சோதனைக்கும் ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம் வேண்டும், இன்னொரு பக்கம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண ஆளின் ரத்தம் வேண்டும். அதற்குப் பெயர் கன்ட்ரோல். அந்தச் சாதாரண ஆளை எங்கே போய்த் தேடுவது? பக்கத்து மேசையில் இருப்பவரைக் கூப்பிடுவோம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லா ஆய்வுக்கூடத்திலும் வழக்கம் இதுதான். நான் கையை நீட்டியதற்குக் கணக்கே இல்லை.

"வெப்பத்துல செல்லு சாகுறதைப் பார்க்கிற சோதனை அது. நோயாளிங்க செல்லு செத்துச்சு. கன்ட்ரோலும் சாகணும் இல்லியா? கொஞ்சம் பிந்தியாவது சாகணும். உங்களுக்க செல்லு மட்டும் சாகவே இல்ல. நான் தப்பாப் பண்றேன்னு நினைச்சு ஒரு வருஷம் திருப்பித் திருப்பிப் பண்ணினேன். அதுக்குள்ள நீங்க சட்டத்துக்குப் போயிட்டீங்க. கம்பெனி வந்துச்சு."

"கணினியில் வடிவமைச்சதுன்னு எனக்கு எழுதி அனுப்பினியே."

"இயற்கையில இருந்ததுன்னு சொன்னா பேட்டன்ட் குடுக்க மாட்டாங்க. நீங்கதானே அக்கா எங்களுக்கு வகுப்பு எடுத்தீங்க."

உண்மைதான். எடுத்தேன். தேநீர், பிஸ்கட்டோடு எடுத்தேன். அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஜெபா, என் மகளுக்கும் இருக்கு. நாளை மறுநாள் அவ பள்ளிக்கு வர்றாங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஏற்கெனவே நடந்திருக்கு அக்கா. தென்காசிப் பக்கம் மூணு பிள்ளைங்க. அணைச்ச வாரமே போயிருச்சு. முத்திரை இல்லாத பிள்ளைங்க. உங்களுக்க சொந்தமா, இல்ல அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கே அப்படியா, எனக்குத் தெரியாது. காய்ச்சல்னு ரிப்போர்ட் வந்துச்சு. எனக்க மேசைக்குத்தான் வந்துச்சு. காய்ச்சல்தான்னு நானும் கையெழுத்துப் போட்டேன்."

அந்த மூன்று பேரின் பெயரைக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் அதில் எனக்குத் தெரிந்த வீடு ஏதாவது இருந்துவிடும் என்று பயந்தேன். என் பயமெல்லாம் வீட்டில் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறவளைப் பற்றித்தான். அந்த நேரத்தில் மனசு அவ்வளவு சின்னதாக இருந்தது.

"என் ரத்தம் எடுத்து வச்ச அந்தப் பழைய டியூப் இருக்கா?" என்றேன்.

இருந்தது. தூக்கி எறியவும் தைரியம் இல்லை, வைத்திருக்கவும் தைரியம் இல்லை என்றான். பனிக்கட்டி நிரப்பிய ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். டியூப்பின் மேல் அவன் கையெழுத்தில் 'உல்கா, கன்ட்ரோல்' என்றும், அதன் கீழே தேதியும் இருந்தன. காப்புரிமை விண்ணப்பம் போடுவதற்கு வெகு காலம் முந்தைய தேதி.

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்பதை மறுநாள் பத்மநாபன் சார் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். பெட்டியை அவர் மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து அரைமணி நேரம் குழந்தையைக் கையிலேயே வைத்திருந்தவர். டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"நம்ம தொழில்ல எல்லாமே விண்ணப்பம் போட்ட தேதிதாம்மா. அந்தத் தேதிக்கு முன்னாடியே ஒரு பொருள் உலகத்துல இருந்துதுன்னா காப்புரிமை செல்லாது. அதே பொருள் தேதிக்குப் பின்னாடி வந்ததுன்னா அது திருட்டு. நீ தேதிக்கு முன்னாடி பிறந்தவ. நீ கோர்ட்ல வந்து நின்னாலே தண்நிழல் காலி. குழந்தை தேதிக்குப் பின்னாடி பிறந்தவ. அவ நகல்."

"ஒரே ஜீன் சார்."

"சட்டத்துக்கு அது தெரியாது. நீயும் நானும் அப்படித்தானே அதைப் பழக்கி வச்சிருக்கோம்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இந்த டியூப்பை வச்சு நீ வழக்குப் போடலாம். ஜெயிச்சுடுவே, எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை வருஷம் ஆகும்?"

"தெரியும் சார். சரிபார்ப்பு நாளைக்கு."

"என்னதான் வேணும் உனக்கு, சொல்லு."

அவர் என் முதலாளி, கம்பெனியின் வக்கீல், இரண்டும்தான். அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நான் எத்தனையோ கம்பெனிகளுக்காகப் பேரம் பேசியிருக்கிறேன். என் குழந்தைக்காகப் பேசுவது இதுதான் முதல் தடவை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

"காப்புரிமையில் ஒரு விலக்கு சேர்க்கணும். இன்னிக்கே தாக்கல் பண்ணணும். பதிலுக்கு டியூப் உங்களுக்கு. நானும் கோர்ட்டுக்கு வர மாட்டேன்."

அவர் உள்ளே போய்க் கம்பெனியோடு ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "ஒத்துண்டுட்டா. விலக்கை நீயே எழுது. தாக்கல் ஆன நிமிஷமே மெஷினுக்கெல்லாம் போயிடும்."

என் மகள் பெயரை மட்டும் எழுதியிருந்தால் போதும். அவர் எதிர்பார்த்ததும் அதுதான். பேனாவை எடுத்தபோது தென்காசிப் பக்கத்து மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் இன்னும் யார் யாருக்கு இருக்கிறதோ. பிறகு அமுதினியின் பள்ளியில் கீழ் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குப் போன மாதம் அணைப்பூசி போட்டதும் நினைவுக்கு வந்தது. அவள் அம்மா வெயிலில் பார்சல் கொண்டுபோகிறவர். என் கை, பழக்கத்தில், வேலியை அகட்டிப் போட்டது. 'இந்த வரிசையைப் பிறப்பால் பெற்றவர்கள் நீங்கலாக' என்று எழுதினேன்.

பத்மநாபன் சார் படித்தார். பிறப்பால் என்ற இடத்தில் அவர் கண் நின்றது.

"இதுல எல்லா நகல் குழந்தைகளும் வெளியே போயிடும், உலகம்மா."

"ஆமா சார்."

"ஊசி விக்கிற வருமானம் மட்டும்தான் மிஞ்சும் அவாளுக்கு."

"டியூப் வெளியே வந்தா அதுவும் மிஞ்சாது சார்."

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தலையாட்டினார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஒரு கணம் இல்லை. அது நீடித்தது அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் வரைதான்.

"ஒண்ணு மறந்துட்டியே. இயற்கையா இருக்குன்னு சொல்லி விலக்குக் கேட்டா, அப்படி ஒரு உயிர்ப்பொருள் இருக்குன்னு காட்டணும். அரசாங்கக் காப்பகத்துல அதை வைப்பா ஒப்படைக்கணும். வைப்பு இல்லாத விலக்கு செல்லாது. எந்த ஆராய்ச்சியாளர் கேட்டாலும் அதுலேர்ந்து எடுத்துக் குடுக்கணும், காப்புரிமை உயிரோட இருக்கிற வரைக்கும்."

விதி எனக்குத் தெரியாததல்ல. பயத்தில் நினைவுக்கு வரவில்லை. "என் ரத்தத்தை எடுத்துக்கட்டும்" என்றேன்.

"நீ தேதிக்கு முன்னாடி இருக்கிறவம்மா. உன்னைக் காப்பகத்துல வச்சா ஊருக்கே தெரிஞ்சுடும், அப்புறம் விலக்கு எதுக்கு, காப்புரிமையே இருக்காது. கம்பெனி அதுக்கு எப்படி ஒத்துக்கும்? இந்த டியூப்பும் அப்படித்தான். தேதிக்குப் பின்னாடி பிறந்தது வேணும். முத்திரை இல்லாதது வேணும். நம்ம கையில அப்படி ஒருத்திதான் இருக்கா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "காப்பகத்துல செல்லை வளர்த்தா நாளாக நாளாக மாறிடும்னு இப்போ புது விதி வேற. மூலத்துலேர்ந்தே, அதாவது அந்த உடம்புலேர்ந்தே, அப்பப்போ எடுக்கணும்."

வெளியே வந்து வைரவனுக்கு போன் போட்டேன். இந்த முறை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் பின்னால் வங்கியின் டோக்கன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வேற வழி இருக்கா?" என்றான்.

"இல்லை."

"ரத்தம்தானே எடுப்பாங்க? உயிரோட இருக்கட்டும் உலகு. கையெழுத்துப் போட்டுடு."

உள்ளே போய் வைப்புக்கான வரியையும் நானே எழுதினேன். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஒரே மூச்சில் எழுதினேன். 'மேற்படி வரிசையைத் தாங்கிய உயிர்ப்பொருள், தேவைப்படும் அளவிலும் வகையிலும், மூலத்திலிருந்து அவ்வப்போது பெறப்படும்.' பத்மநாபன் சார் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்குச் சரிபார்ப்பு வரவில்லை. எந்தப் பள்ளிக்கும் வரவில்லை. அடுத்த வாரம் தொலைக்காட்சியில் அதுதான் பேச்சு. நகல் குழந்தைகளுக்கு விலக்கு என்று பட்டாசு வெடித்தார்கள். கம்பெனியின் பெருந்தன்மை என்று ஒருவர் கட்டுரை எழுதினார். மத்தியான வெயிலில் மைதானத்தில் அத்தனை குழந்தைகள் ஓடுவதைப் பார்க்கையில் எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. அந்தப் பார்சல்காரப் பெண்மணி பள்ளி வாசலில் யாரிடமோ அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்தேன். தன் மகளுக்குப் போட்ட அணைப்பூசி போட்டதுதானா, திருப்ப முடியாதா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு முறை காப்பகத்தின் வெள்ளை வேன் வருகிறது. வருகிறவர் பெயர் செலின். நல்ல மாதிரி, ஊசி குத்துவது தெரியாமல் குத்துவார். அமுதினிக்கு அவரைப் பிடிக்கும். காப்பகத்தில் அவளுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணை அவள் பாட்டு மாதிரி சொல்லிப் பழகிவிட்டாள். எல்லாம் முடிந்ததும் செலின் ஒரு சான்றிதழை நீட்டுவார். அதில் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: 'வைப்புப் பொருள் உயிருடன் உள்ளது.' அதன் கீழே, ஒப்படைத்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த மாதம் செலின் சீக்கிரம் கிளம்பவில்லை. பையை மூடிவிட்டு, மறுபடி திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மேடம், அடுத்த தடவை பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணுமாம். எலும்பு மஜ்ஜை கேட்டு ரெண்டு கம்பெனி எழுதிக் குடுத்திருக்கு. இன்னொருத்தங்க இதயத்துலேர்ந்து சின்னதா ஒரு துணுக்கு கேக்கறாங்க. மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்களாம்."

"ரத்தம் மட்டும்தான்" என்றேன். "ரத்தம் மட்டும்தான் எடுக்கணும்."

"நானும் அதான் மேடம் கேட்டேன். குழந்தையாச்சேன்னு சண்டையே போட்டேன். பத்திரத்துல ரத்தம்னு எங்கேயும் இல்லையாம். தேவைப்படும் அளவிலும் வகையிலும்னுதான் இருக்காம். யாரோ ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க, எதிர்த்துக் கேக்கவே முடியாதுன்னு எங்க வக்கீல் சொல்றாரு."

அமுதினி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து என் முழங்காலில் சாய்ந்தாள். "முடிஞ்சுதாம்மா? நான் வெளியே விளையாடப் போகட்டா?"

போ என்றேன். செலின் சான்றிதழை நீட்டிக்கொண்டு நின்றார். உயிருடன் உள்ளது என்பதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.